எல்பூரில் மறைந்த வென்னீர் ஊற்றை மண்ணின் சூட்டை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

வணக்கம் டீச்சர். ரீயூனியன் தீவின் சலாசி மலைப்பகுதியில் எல்பூர் பழைய குளியல் கட்டட இடிபாடுகளுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய், சமையலறைத் தெர்மாமீட்டரை 20 செ.மீ. ஆழத்துக்கு நாலு இடத்தில் குத்திப் பார்த்திருக்கிறீர்கள். மரநிழலில் மூன்று இடங்களில் 19 டிகிரி, சுவரோரம் வெட்டவெளியாக இருந்த நாலாவது இடத்தில் 23. "எவ்வளவு ஆழத்தில் அளந்தால் சரியாக இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். 1948 புயலுக்குப் பிறகு நின்றுபோன வென்னீர் ஊற்று அந்த நாலாவது இடத்துக்கு அடியில்தான் இருக்கிறதா என்பதே நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் படித்தது நிலவியல், செய்வது நிலத்தடி நீர் ஆய்வு. இந்தத் தீவின் கிணறுகளிலும் ஊற்றுகளிலும் ஓடைகளிலும் வெப்பநிலையையும் கரைந்த உப்பையும் அளப்பது என் பல வருட வேலை. ஃபூர்னேஸ் எரிமலை உச்சியில் ஆவி வரும் வெடிப்புகளில் நான் வேலை செய்ததில்லை. அந்த இடங்களைப் பற்றிச் சொல்வது படித்து அறிந்தது. சலாசி, சிலாவோஸ் பக்கத்து மண்ணைப் பற்றிச் சொல்வது கைப்பட அறிந்தது. இரண்டையும் பிரித்தே படியுங்கள்.

முதலில் அந்த 23 டிகிரி. அது பெரும்பாலும் வெயில்தான். நிழலும் வெட்டவெளியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அடியில் எந்த வென்னீரும் இல்லாமலேயே மண்ணில் மூன்று நாலு டிகிரி வித்தியாசம் வரும். அந்தச் சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வடக்கு பார்த்ததாக இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். தமிழ்நாட்டில் வளர்ந்த நம் கண்ணுக்கு வெயில் தெற்கே சாய்ந்து விழுவதுதான் பழக்கம். ரீயூனியன் நிலநடுக்கோட்டுக்கு 21 டிகிரி தெற்கில் இருக்கிறது. இங்கே வருடத்தின் பெரும்பகுதி நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். வடக்கு பார்த்த சரிவும் சுவரும்தான் சூடு பிடிக்கும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதைத்தான் நம் ஆட்கள் முதலில் மறக்கிறார்கள்.

ஆழத்தின் கணக்கு இப்படி. பகல் சூடும் இரவுக் குளிரும் மண்ணுக்குள் அலையாக இறங்குகின்றன. சாதாரண ஈர மண்ணில் ஏறத்தாழ 12 செ.மீ. இறங்குவதற்குள் அந்த ஏற்ற இறக்கம் மூன்றில் ஒரு பங்கு சொச்சமாகக் குறைந்துவிடும், அடுத்த 12 செ.மீ.யில் மறுபடியும் அதே அளவு குறையும். வெட்டவெளியில் மேல்மண் பகலுக்கும் இரவுக்கும் இடையே 20 டிகிரி ஏறி இறங்கினால், 20 செ.மீ. ஆழத்தில் அது ஏறத்தாழ மூன்றே முக்கால் டிகிரியாக இருக்கும். அதுவும் ஆறேழு மணி நேரம் தாமதமாக. நீங்கள் காலை பத்து மணிக்குக் குத்திப் பார்த்தது அன்றைய வெயிலை இல்லை, முந்தைய நாளின் வெயிலையும் இரவையும். ஒரு மீட்டர் ஆழத்தில் தினசரி ஏற்ற இறக்கம் டிகிரியில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. ஆகவே உங்கள் நேர்க் கேள்விக்கு நேர்ப் பதில்: குறைந்தது ஒரு மீட்டர். கருவி இருந்தால் இரண்டு மீட்டர். அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் புவிவெப்பம் தேடுகிறவர்கள் இரண்டு மீட்டர் கம்பி இறக்கித்தான் ஆய்வு செய்கிறார்கள்.

ஒரு மீட்டரில் நாளின் அலை மடிந்தாலும் ஆண்டின் அலை மடிவதில்லை. கோடை, குளிர்காலம் என்ற பெரிய அலை அதே மண்ணில் இரண்டு மீட்டருக்கு மேல் இறங்கியபின்தான் மூன்றில் ஒரு பங்காகிறது. ஒரு மீட்டரில் அதன் 64 சதவீதம் மிஞ்சியிருக்கும், இரண்டு மீட்டரில் 41 சதவீதம். தாமதமும் உண்டு: ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மாதம், இரண்டு மீட்டருக்கு இரண்டு மாதம். நல்லவேளையாக இந்தத் தீவில் குளிர்மாதத்துக்கும் வெப்பமாதத்துக்கும் சராசரியில் ஐந்தாறு டிகிரிதான் வித்தியாசம், அதனால் நமக்குத் தொல்லை குறைவு. ஆனால் மார்ச்சில் அளந்த எண்ணையும் ஆகஸ்டில் அளந்த எண்ணையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டால் அது பிழைதான். ஒப்பிட வேண்டியவை எல்லாம் சில நாட்களுக்குள் அளந்தவையாக இருக்க வேண்டும். செப்டம்பர் நல்ல மாதம். காற்று ஜூலை, ஆகஸ்டில் மிகவும் குளிர்ந்தபின் ஒரு மாதம் கழித்துதான் ஒரு மீட்டர் ஆழ மண் தன் மிகக் குறைந்த நிலைக்கு வருகிறது. அந்த நாட்களில் அதன் மாற்றம் மிக மெதுவாக இருக்கும், மழையும் குறைவு. தைப்பூசக் காவடி நேரம், அதாவது ஜனவரி, பிப்ரவரி, புயல் மாதங்கள். அப்போது ஓடைப் பக்கமே போக வேண்டாம்.

இன்னொரு விஷயம்தான் இதில் எல்லாவற்றையும்விட முக்கியம். "எரிமலைத் தீவு, அடியில் நெருப்பு, ஆகவே குத்தினால் சூடு தெரியும்" என்று பலர் நினைக்கிறார்கள். தெரியாது. பூமியின் சாதாரண வெப்ப ஏற்றம் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி. ஒரு மீட்டருக்கு அது 0.03 டிகிரி. இளம் எரிமலைப் பகுதியில் அது ஏழு மடங்காக, கிலோமீட்டருக்கு 200 டிகிரியாக இருந்தாலும், ஒரு மீட்டருக்கு 0.2 டிகிரிதான். ஒரு மரத்தின் நிழல் அதைவிடப் பெரிய வித்தியாசத்தைக் காட்டும். ஆகவே ஒரு மீட்டரில் நிஜமாகவே இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகத் தெரிந்தால், அது பாறை வழியாகக் கடந்து வந்த ஆழ் வெப்பம் இல்லை. வென்னீரோ ஆவியோ நகர்ந்து மேலே வந்து, சில மீட்டர் ஆழத்தில் நிற்கிறது அல்லது ஓடுகிறது என்றே பொருள். மேலோட்ட மண் ஆய்வு காட்டக்கூடியது இதை மட்டும்தான். உங்கள் நோக்கத்துக்கு அது போதும், ஏனென்றால் நீங்கள் தேடுவதே வென்னீரைத்தான்.

எல்பூருக்கே கணக்குப் போடுவோம். பழைய ஊற்றின் நீர் சுமார் 32 டிகிரி என்று சொல்லப்பட்டு வருகிறது. அந்த உயரத்தில் மண்ணின் ஆண்டுச் சராசரி 19 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 13 டிகிரி. அந்த நீர் ஐந்து மீட்டர் ஆழத்தில் சரளைக்குள் ஓடுகிறது என்றால், ஒரு மீட்டர் ஆழத்தில் 2.6 டிகிரி கூடுதலாகத் தெரிய வேண்டும். நீங்கள் குத்திய 20 செ.மீ.யில் அரை டிகிரிதான். அதாவது உங்கள் 23 டிகிரி முழுவதும் ஊற்றால் வந்தது என்றால், வென்னீர் ஒரு மீட்டருக்கும் மேலே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் மண்வெட்டியிலேயே அகப்பட்டிருக்கும். பத்து மீட்டர் ஆழத்தில் ஓடினால் ஒரு மீட்டரில் 1.3 டிகிரி. இருபது மீட்டர் என்றால் 0.65, அது நிழல் வித்தியாசத்தில் கரைந்துவிடும்.

இதெல்லாம் மழை இல்லாத ஊருக்கான கணக்கு. சலாசி அப்படிப்பட்ட ஊர் இல்லை. 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது இந்தத் தீவின் கொம்மர்சோன் எரிமலை வாய்க்கருகே 72 மணி நேரத்தில் 3930 மி.மீ. மழை பெய்தது, உலக அளவிலேயே அதுதான் சாதனை. எரிமலைப் பாறையும் மலைச்சரிவுக் குப்பையும் சல்லடைபோல் நீரை இறக்கும். குளிர்ந்த நீர் கீழே இறங்கும்போது, மேலே ஏறிவரும் வெப்பத்தைத் தன்னோடு திருப்பி எடுத்துக்கொண்டு போகிறது. ஆண்டுக்கு ஒன்றரை மீட்டர் நீர் மண்ணுக்குள் இறங்குவதாக வைத்துக்கொண்டு மேற்சொன்ன கணக்கைத் திரும்பப் போட்டால், ஐந்து மீட்டர் ஆழ ஊற்றுக்கு 2.6 என்று சொன்னது 1.8 ஆகிறது. பத்து மீட்டர் ஊற்றுக்கு 1.3 என்று சொன்னது அரை டிகிரி சொச்சம் ஆகிறது. ஆகவே சூடு தெரிந்தால் அது ஒரு தடயம். தெரியாவிட்டால் ஊற்று இல்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. மழை மிகுந்த மலையில் இந்த முறையின் எல்லை இது. நெவாடாவில் இரண்டு மீட்டர் கம்பி அவ்வளவு நன்றாக வேலை செய்வதற்கு அந்த வறட்சியும் ஒரு காரணம். நியூசிலாந்தின் வைராகே புவிவெப்பப் பகுதியிலும் மழை உண்டே என்று கேட்கலாம். அங்கே ஆவி மண்டிய நிலத்தில் 15 செ.மீ. ஆழத்திலேயே கொதிநிலையை நெருங்கும் வெப்பம் இருக்கிறது. எந்த மழையும் அதை மறைத்துவிடாது. 1964இல் டாசன் என்ற ஆய்வாளர் அந்த 15 செ.மீ. அளவை வைத்தே வெளியேறும் வெப்பத்தை மதிப்பிட வழி காட்டினார். அந்த எளிமையை 32 டிகிரி ஊற்றுக்கு எதிர்பார்க்க முடியாது.

நேர்மாறான ஏமாற்றமும் இந்தத் தீவில் உண்டு. ஃபூர்னேஸ் எரிமலையின் கடலோரச் சரிவான கிராந்த் ப்ரூலேயில் 2007 ஏப்ரலில் கடல்வரை வந்த எரிமலைக் குழம்பின் மேல் பல ஆண்டுகள் கழித்தும் மழை பெய்தால் ஆவி எழுந்தது. பூக்குழி இறங்கிய மறுநாள் மேல்சாம்பல் ஆறிக்கிடக்கும், ஒரு சாண் தோண்டினால் கை சுடும். அதே விஷயம்தான், பல மீட்டர் தடிமனில். அந்தச் சூடு மேலிருந்து வந்து தங்கியது, கீழிருந்து ஏறியது இல்லை. அங்கே தெர்மாமீட்டர் காட்டும் எண்ணை வைத்து அடியில் வென்னீர் இருப்பதாகச் சொல்லிவிடக் கூடாது. சிறிய அளவில் உங்களுக்கும் இப்படி நேரலாம்: மக்கும் கரும்புச் சோகை, எருக்குழி, கழிவுநீர்த் தொட்டி, வீட்டு வென்னீர்க் குழாய், தார்ச்சாலை ஓரம், எல்லாமே மண்ணைச் சூடாக்கும்.

இனி எப்படி அளப்பது. அந்தச் சமையலறைத் தெர்மாமீட்டரை விட்டுவிடுங்கள். அதன் உலோகத் தண்டே மேலிருந்து சூட்டைக் கீழே கடத்தும், டிகிரிக்குக் கீழே அதை நம்ப முடியாது. இரண்டு உலோகக் கம்பிகளை இணைத்துச் செய்த கே வகை தெர்மோகப்பிள் சென்சார் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் பிழையே ஒன்றரை இரண்டு டிகிரி. நாம் தேடும் வித்தியாசமே அவ்வளவுதான். துப்பாக்கி வடிவ அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் மண்ணின் தோலை மட்டும் பார்க்கும், இதற்கு உதவாது. பள்ளிக்கு ஏற்றது டிஎஸ்18பி20 என்ற டிஜிட்டல் சென்சார். நீர் புகாத குழாயில் போட்டு, நீளமான ஒயரோடு கிடைக்கிறது. அதன் உத்தரவாதப் பிழை அரை டிகிரி என்றாலும், ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் திருத்தம் போட்டுக்கொண்டால் டிகிரியில் பத்தில் ஒரு பங்குவரை நம்பலாம். ஒரு எச்சரிக்கை: அது திடீரென்று 85 டிகிரி காட்டினால் ஊற்று கிடைத்துவிட்டது என்று பிள்ளைகள் குதிக்க வேண்டாம். மின்சாரம் விட்டு வரும்போது அளவு எடுக்கப்படாமலே வரும் எண் அது. கையில் காசு இருந்தால், நாலு ஒயர் உள்ள பிளாட்டினம் சென்சார், பிடி100 என்பார்கள், இன்னும் உறுதியானது.

எல்லா சென்சார்களையும் ஒரே வாளித் தண்ணீரில் கட்டிப் போட்டு, கலக்கி, பத்து நிமிடம் பொறுத்து, ஒவ்வொன்றும் என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். நொறுக்கிய ஐஸும் நீரும் கலந்த வாளியிலும் ஒருமுறை செய்யுங்கள். அது எந்த உயரத்திலும் பூஜ்யம்தான். கொதிநீரை வைத்துச் சரிபார்க்கிறவர்கள் உயரத்தை மறந்துவிடுகிறார்கள். சிலாவோஸ் 1200 மீட்டரில் இருக்கிறது, அங்கே நீர் 96 டிகிரியிலேயே கொதிக்கும்.

துளைக்குக் கடப்பாரை போதும். ஒரு மீட்டர் இறங்காத இடத்தில் பாறை இருக்கிறது என்று விட்டுவிட்டு இரண்டு அடி தள்ளிப் போடுங்கள். அரைகுறை ஆழத்தில் அளந்த எண்ணைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். சம்மட்டியால் அடித்தால் உரசலில் மண்ணே சூடாகும், அதனால் உடனே படிக்கக் கூடாது. சென்சாரை மெல்லிய பிளாஸ்டிக் குழாயில், அடிப்பக்கம் மூடி, இறக்குங்கள். இரும்புக் குழாய் வெயிலைக் கீழே கொண்டுபோகும். குழாயைச் சுற்றி மண்ணைத் தள்ளி இறுக்குங்கள். சும்மா விட்டால் துளைக்குள் காற்று சுழன்று மேலும் கீழும் கலக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் படியுங்கள், பத்து நிமிடம் விட்டு மறுபடி. இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் எழுத வேண்டும். ஒரு சென்சாரை மட்டும் ஒரு இடத்தில் நிரந்தரமாக விட்டுவையுங்கள். அது தினமும் என்ன காட்டுகிறது என்று தெரிந்தால், மற்ற எண்களில் மழையாலோ நாட்களாலோ வந்த நகர்வைக் கழித்துவிடலாம்.

ஒரு தனி எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. சுற்றிலும் ஊற்று இருக்க வாய்ப்பே இல்லாத இடங்களில், அதே நிழல், அதே மண், அதே உயரம் பார்த்து, பத்துப் பன்னிரண்டு துளையாவது போடுங்கள். அவை தங்களுக்குள் எவ்வளவு சிதறுகின்றன என்பதுதான் உங்கள் அளவுகோல். அவை ஒரு டிகிரிக்குள் முன்பின் ஆடுகின்றன என்றால், சந்தேக இடத்தில் ஒன்றரை டிகிரி கூடுதல் என்பது பேச்சுக்கு ஆகாது. இரண்டரை, மூன்று என்றால், அதுவும் பக்கத்துத் துளைகளிலும் படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்தால், கவனிக்க வேண்டியதுதான். உயரத்தையும் கழியுங்கள்: 100 மீட்டருக்கு ஏறத்தாழ 0.65 டிகிரி. இடிபாடு ஓடைப் பள்ளத்தில், ஊர் மேட்டில். இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது.

இவ்வளவும் சொன்னபின், என் சொந்த யோசனை வேறு. நானாக இருந்தால் துளை போடுவதற்கு முன் ஓடையைத்தான் பார்ப்பேன். செப்டம்பர், அக்டோபரில் நீர் குறைந்திருக்கும் நாட்களில், விடியற்காலையில், இடிபாட்டுக்குக் கீழிருந்து மேலாக நடந்து, இருபது இருபது மீட்டருக்கு ஓரத்து நீரின் வெப்பநிலையையும், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனையும் அளப்பேன். இந்த மலையின் வென்னீர் ஊற்றுகள் கரியமில வாயுவும் பைகார்பனேட் உப்பும் நிறைந்தவை. அப்படிப்பட்ட நீர் ஓடையில் கசிந்தால் மின்கடத்துதிறன் சட்டென்று ஏறும், மழைநீர் அதை மறைக்க அதிக அளவு தேவை. கல்லில் துருநிறப் படிவு, குமிழி, இரண்டும் கண்ணுக்கே தெரியும். இப்படி ஒரு இடம் அகப்பட்டால் அதைச் சுற்றித் துளை போடுங்கள். கண்மூடிக் கட்டம் கட்டித் துளைப்பதைவிட இது பல மடங்கு பலன் தரும்.

எது உறுதி, எது சந்தேகம் என்றும் சொல்லிவிடுகிறேன். சலாசியும் சிலாவோஸும் அமைந்திருக்கும் பழைய எரிமலையான பித்தோன் தே நேஜ் மலைக்குள் இன்றும் வென்னீர் சுற்றுகிறது என்பது உறுதி. மலையின் மறுபக்கம் சிலாவோஸில் ஊற்று இன்றும் ஓடுகிறது. 1980களில் சலாசியில் 2000 மீட்டருக்கு மேலும், கிராந்த் ப்ரூலேயில் சுமார் 3000 மீட்டரும் ஆழ்துளை போட்டார்கள் என்பதும், அவற்றிலிருந்து மின்சாரம் எதுவும் வரவில்லை என்பதும் உறுதி. எல்பூர் நீர் எங்கே போனது என்பது சந்தேகம். புயல் கொண்டுவந்த கல்லும் மண்ணும் வாயை மூடியதால் நீர் அடிச்சரளை வழியாகவே ஓடையில் கலந்துவிடுகிறது என்பது ஒரு சாத்தியம். பாறைக்குள்ளேயே வழி அடைபட்டு வேறு பக்கம் திரும்பியது என்பது மற்றொன்று. முதலாவதாக இருந்தால் உங்கள் பிள்ளைகளின் கருவிக்கே அது அகப்படலாம். இரண்டாவதாக இருந்தால் ஒரு மீட்டர் துளை எத்தனை போட்டாலும் தெரியாது. என் மனம் முதலாவது பக்கம் சாய்கிறது, ஆனால் அதற்கு என்னிடம் அளவு எதுவும் இல்லை.

பாதுகாப்பு பற்றி இரண்டு வார்த்தை. மேலே மலையில் மழை என்றால் கீழே வெயில் அடித்தாலும் ஓடைக்குள் இறங்காதீர்கள், இங்கே வெள்ளம் நிமிடங்களில் வரும். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். குழிக்குள் எந்தப் பிள்ளையும் தலையை விட்டுப் பார்க்கக் கூடாது. சலாசியின் பெரும்பகுதி தேசியப் பூங்காவுக்குள் வருகிறது, மண்ணில் துளை போடும் முன் நகராட்சியிடமும் பூங்கா அலுவலகத்திடமும் அனுமதி கேளுங்கள். ஓடை நீரை அளக்கத் துளையே தேவையில்லை என்பதால் அந்தப் பகுதியை இந்த வருடமே தொடங்கிவிடலாம். எண்களை இங்கேயே போடுங்கள். நேரம், உயரம், நிழலா வெயிலா என்பதோடு சேர்த்துப் போட்டால் கணக்கை நான் பார்த்துத் தருகிறேன்.